தீயில் காட்டாத துணி

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். பேச்சை வளர்த்தால் அது நழுவிவிடும். 6,860 ரூபாய். தொப்பிக்கு 980 வீதம் ஏழு தொப்பிகளுக்கு நான் அதிகமாக வாங்கிய பணம். பட்டு என்று சொல்லிப் பாலியெஸ்டர் சாட்டினைத் தைத்துக் கொடுத்தேன். வாங்கியவள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்திருந்த ஒரு தான்சானியப் பெண். வருடம் 2017.

சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் மிஷின் போட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிளவுஸ், சுடிதார், சேலைக்கு பால்ஸ், பீக்கோ, பழைய பேன்ட்டுக்கு ஜிப். மானசகங்கோத்ரி வளாகம் பக்கம் என்பதால் மாணவர்கள் வருவார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். மற்றவர்களை விட அவர்களிடம் இருபது முப்பது கூடுதலாக வாங்குவது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பழக்கம்தான். நான் சொல்ல வந்தது அந்த இருபது முப்பதைப் பற்றி இல்லை.

அவள் முதலில் வந்தது ஒரு ஜூலை மாதச் சாயங்காலம். சாரல். குடை இல்லாமல் தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் பையைக் கழற்றி, இரண்டு கையாலும் தலையைத் தொட்டுப் பார்த்து நனையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் என்னைப் பார்த்து “நமஸ்காரா ஆன்ட்டி” என்றாள். கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் ஆங்கிலம். எனக்கும் அதே அளவுதான் இரண்டும். எனவே நன்றாகவே பேசிக்கொண்டோம்.

கைப்பையிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய தொப்பியை எடுத்தாள். எலாஸ்டிக் இற்றுப்போய்ப் பல்லிளித்தது. “பானெட்” என்றாள். எனக்குப் பானெட் என்றால் காருக்கு முன்னால் திறப்பதுதான். அவள் சிரித்துவிட்டு அதைத் தலையில் மாட்டிக் காட்டினாள். ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்வது. பருத்தித் தலையணையில் புரண்டு புரண்டு படுத்தால் முடி உரசி அறுந்துபோகுமாம். தடவிய எண்ணெயையும் உறையே குடித்துவிடுமாம். வழுவழுப்பான துணியாக இருந்தால் முடி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், இழுபடாது. வீட்டில் பாட்டியிலிருந்து தங்கை வரை எல்லோரும் தலையில் எதையாவது கட்டிக்கொண்டுதான் படுப்பார்கள் என்றாள்.

முடி என்பது பார்வைக்கு நூல் மாதிரி இருந்தாலும் உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி இருக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்கள். ஒரே திசையில் தடவினால் படியும், எதிர்த்துத் தேய்த்தால் ஓடு கிளம்பும். நேரான முடியில் தலைச்சருமத்து எண்ணெய் சரிவில் இறங்குகிற மாதிரி நுனிவரை போய்விடும். சுருண்ட முடியில் ஒவ்வொரு வளைவிலும் தங்கிவிடும். நுனி வறண்டேதான் கிடக்கும். அதிலும் அவளுடையது போல நெருக்கமாகச் சுருண்ட முடியில் ஒவ்வொரு திருப்பமும் ஒடியக் காத்திருக்கும் இடம். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவள் ஒரே வரியில் சொன்னாள்: “ஆன்ட்டி, பள்ளிக்கூடம் முடியும்வரை எங்களுக்குத் தலையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். இது நான் வளர்த்த முதல் முடி.”

அவள் கேட்டது மைசூர் சில்க்கில் ஒரு தொப்பி. “பட்டு ஊருக்கு வந்துவிட்டுச் சாட்டினில் தூங்குவதா?” என்றாள். அவள் மொழியில் பட்டுக்கு ‘ஹரீரி’ என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே விரல்களைத் தேய்த்துக் காட்டினாள்.

நான் கொள்ளேகாலத்துக்காரி. 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்துவிட்டு, மாநில எல்லை மாறியதும் கர்நாடகத்துக்குப் போன ஊர். அப்பா பட்டுத் தறிக்காரர். எங்கள் வீட்டில் நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுக்கும் நாளில் தெருமுனை வரைக்கும் வாடை வரும். ஒரு கிலோ பச்சை நூல் வெந்து வந்தால் முக்கால் கிலோவாகத்தான் திரும்பும். அந்தக் கால் கிலோ பசை போனால்தான் பட்டுக்குப் பளபளப்பும் மென்மையும் என்று அப்பா சொல்வார். யாராவது நூல் கொண்டுவந்தால் அவர் கண்ணை நம்பமாட்டார். இரண்டு இழையை முறுக்கி அடுப்பில் காட்டுவார். பட்டென்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், கருகல் விரலில் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை என்றால் உருகும், நுனியில் கெட்டி மணியாக உறையும். முடி நாற்றம் ஏன் வருகிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “புழுவோட முடிதானே பாப்பா அது” என்றார். அறிவியல் பாஷையில் சரியில்லைதான். ஆனால் பட்டும் முடியும் இரண்டுமே புரதம் என்பதால் வெகுதூரம் தப்பும் இல்லை.

இப்படி வளர்ந்தவளுக்குத் துணி தெரியாமல் போய்விட்டது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

உண்மையில் அன்றைக்கு நான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. மைசூர் சில்க் என்று நாம் சொல்வது கிரேப். மானந்தவாடி ரோட்டில் 1912-இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் தொடங்கிய ஆலை, 1980 முதல் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் கையில் இருப்பது, அங்கே நெய்வது அதைத்தான். டி. நரசிபுரத்திலிருந்து வரும் நூலை நன்றாக முறுக்கேற்றித் தறியில் ஏற்றுவார்கள். அந்த முறுக்கினால்தான் சேலை உடம்போடு ஒழுகி விழுகிறது. அதே முறுக்கினால் துணியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் பதமும் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். முடிக்கு நல்லது சாட்டின் நெசவில் வந்த பட்டு. இழை மேலாக நீண்டு கிடப்பதால் வழுக்கும். பட்டு என்பது நூலின் பெயர், சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் உண்டு, பாலியெஸ்டரிலும் உண்டு. பெங்களூரில் யாரிடமாவது சொல்லிவிட்டால் பட்டுச் சாட்டின் வந்துவிடும். “உனக்கு வேண்டியது மைசூர்ச் சேலைத் துணி இல்லை, இது, நாலு நாள் ஆகும், விலை இவ்வளவு” என்று சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. துணிக்கு 1,100, தையல் எலாஸ்டிக் எல்லாம் சேர்த்து 300, ஆக 1,400 என்றேன். மறுநாள் சாந்தேபேட்டையில் மீட்டர் 120 ரூபாய்க்கு மரூன் கலரில் சாட்டின் வாங்கினேன். கடைக்காரர் நான் கேட்காமலேயே “பாலியெஸ்டர்தாம்மா, நல்ல குவாலிட்டி” என்றார். தெரியும் என்றேன்.

வேலையில் குறை வைக்கவில்லை, அதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது. இருபத்தாறு அங்குல வட்டம், இரட்டை மடிப்பு. சாட்டின் கத்தரிக்கு அடங்காது; ஊசி முனை மழுங்கியிருந்தால் இழை இழுத்துக்கொள்ளும். புது 11-ஆம் நம்பர் ஊசி போட்டேன். உள்தையல் முடியில் மாட்டக்கூடாது என்று பிசிறை உள்ளே மடக்கி இரண்டு முறை தைத்தேன். எலாஸ்டிக் நெற்றியில் தடம் பதிக்காமல் இருக்க அதற்குமேல் துணி உறை வைத்து ஓட்டினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ராத்திரி என் மனசாட்சிக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: தையல் அசல்தானே.

அவள் வாங்கிக்கொண்டு கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “இது அசல்தானா?” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பொய் சொன்னேன் என்று ஒரு கணக்காவது இருக்கும். “ஹரீரி” என்று சொல்லிவிட்டு முந்நூறு நானூறு தடவை நன்றி சொன்னாள். எப்படித் துவைப்பது என்று கேட்டாள். குளிர்ந்த தண்ணீர், ஷாம்பு இரண்டு சொட்டு, பிழியாதே, வெயிலில் போடாதே என்றேன். பாலியெஸ்டருக்குப் பட்டின் பத்தியம் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். “ராத்திரி தலை ரொம்ப வியர்க்கிறது ஆன்ட்டி.” எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய நிலை. பட்டு தன் எடையில் நூற்றுக்குப் பதினொரு பங்கு ஈரத்தைச் சாதாரணமாகவே உள்ளே வைத்திருக்கும். பாலியெஸ்டருக்கு அரைப் பங்கு கூடக் கிடையாது. வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. அன்றைக்கு அது எனக்கு எண்ணாகத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். நான் சொன்னது: “அசல் பட்டு அப்படித்தான் கண்ணு. சூடு காக்கும். போகப் போகப் பழகிவிடும்.” பட்டு குளிருக்குக் கதகதப்பு என்பது உண்மை. ஒரு உண்மையை எடுத்துப் பொய்க்கு முட்டுக் கொடுப்பது எவ்வளவு லாகவமாக வருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஊருக்கு விடுமுறையில் போவதாகவும், அம்மா, பாட்டி, இரண்டு சித்திகள், இரண்டு தங்கைகளுக்கு ஆறு வேண்டும் என்றும் சொல்லி அட்வான்ஸ் வைத்தாள். அவள் ஊர் கடலோரம். புழுக்கத்துக்குக் கேட்க வேண்டாம்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆறு தொப்பிக்கும் அசலே தைத்துக் கொடுத்து முதல் ஒன்றையும் ஏதோ சாக்குச் சொல்லி மாற்றியிருக்கலாம். நஷ்டம் வந்திருக்காது, லாபம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். மகளின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்று காரணம் அடுக்கலாம். இரண்டும் உண்மையாகவே இருந்தன. ஆனால் அதற்கு வேண்டிய பணம் தனியாக எடுத்து வைத்திருந்தோம். இந்தப் பணத்தில் நான் வாங்கியது ஒரு புது மிக்ஸி.

இதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அவள் சொன்னதைக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. எனக்கும் சுருட்டை முடி. பாட்டி மட்டும் ‘சுருட்டை முடி சோறு போடும்’ என்பாள். மற்ற எல்லோருக்கும் அது குருவிக்கூடு. அம்மா தினமும் கால் கிண்ணம் தேங்காய் எண்ணெய் வைத்து, சீப்பால் உச்சியிலிருந்து வலிக்க வலிக்க இழுத்து, இரட்டைச் சடை பின்னி ரிப்பனால் மடித்துக் கட்டுவாள். காலையில் கண்ணோரம் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். நாற்பது வயதில் நெற்றியோரம் இரண்டு பக்கமும் ஏறிவிட்டது. அப்படி இழுத்துக் கட்டினால் வேர்க்காலே செத்துப்போகும் என்று தோல் டாக்டர் சொன்னபோது அம்மா போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது.

அவள் போன ராத்திரி பீரோவைத் திறந்தேன். கல்யாணமான புதிதில் வாங்கிய மைசூர் சில்க், மயில் கழுத்து நிறம், மடிப்பில் நைந்து கிடந்தது. நையாத பக்கமாக ஒரு முழத்தை வெட்டி, ஓரம் மடித்து, தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற மாதிரி தைத்துக்கொண்டேன். வெட்டுவதற்கு முன் ஓரத்து இழை ஒன்றைப் பிய்த்துக் கேஸ் அடுப்பில் காட்டினேன். முடி கருகும் நாற்றம். கிரேப்தான், சாட்டின் அளவு வழுக்காது, ஆனாலும் பருத்திக்கு எவ்வளவோ மேல். முடியைக் காயவிட்டு, நுனிக்கு நாலு சொட்டு எண்ணெய் தொட்டு, தளர்வாக ஒரு கொண்டை போட்டு அதைக் கட்டிக்கொண்டு படுக்கிறேன். ஈரத்தோடு கட்டினால் கெடுதல். முடி ஊறியிருக்கும்போதுதான் சீக்கிரம் அறும். காலையில் தலையணையில் முடி குறைந்திருக்கிறது. சிக்கெடுக்க அரை மணி நேரம் ஆனது பத்து நிமிடமாகிவிட்டது. எட்டு வருடமாகக் கட்டுகிறேன். சொல்லிக்கொடுத்தவளுக்குப் பாலியெஸ்டர், கற்றுக்கொண்டவளுக்கு அசல்.

ஏன் செய்தேன் என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்தாயிற்று. பணம் என்பது முதல் பதில். சுலபமான பதிலும் அதுதான். அதைத் தோண்டினால் அடியில் ஒரு வாக்கியம் கிடக்கிறது. அன்றைக்கு அவள் பிளாஸ்டிக் பையைக் கழற்றித் தலையைத் தொட்டுப் பார்த்தாளே, அப்போது மனதுக்குள் ஓடியது: இந்த முடிக்குப் பட்டு ஒரு கேடா.

எழுதிவிட்டேன். குருவிக்கூடு என்று கேட்டு வளர்ந்தவள் நினைத்த நினைப்பு அது. அவள் இடத்தில் இடுப்புவரை நேராக முடி தொங்கும் ஒரு பெண் வந்து கேட்டிருந்தால், பெங்களூருக்குச் சொல்லிவிட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நினைக்கிறேன்.

என் மகள் துணி வடிவமைப்புப் படித்தவள். அவளுக்கு இந்தக் கதை தெரியாது. ஒருநாள் சும்மா பேச்சுவாக்கில் அவள் பாடத்திலிருந்து ஒன்று சொன்னாள். அமெரிக்காவில் லூசியானா ஸ்பானியர் ஆட்சியில் இருந்தபோது, 1786-இல் எஸ்தெபான் மிரோ என்ற ஆளுநர், கறுப்பினப் பெண்கள் தலைமுடியைத் துணியால் மூடித்தான் வெளியே வரவேண்டும் என்று உத்தரவு போட்டாராம். அடிமையாக இல்லாத பெண்களும்கூட. அலங்காரத்தால் அவர்கள் வெள்ளைக்காரிகளை மிஞ்சிவிடக் கூடாது. அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? இருப்பதிலேயே அழகான துணியாகத் தேடி, கோபுரம் மாதிரி கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பக்கத்துத் தலைத்துணிகளில் பேர்போனது, நம் கரையிலிருந்து கப்பலேறிய மதராஸ் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி. கரீபியத் தீவுகளில் இன்றைக்கும் அதற்கு ‘மதராஸ்’ என்றே பெயர். நைஜீரியாவில் கலபாரி மக்கள் அதை ‘இன்ஜிரி’ என்று சொல்லிச் சடங்குகளுக்கு உடுத்துகிறார்கள். “நம்ம நெசவுக்காரங்க கைத்துணி அவங்க தலைக்கு முந்நூறு வருஷமா போயிட்டிருக்கும்மா” என்றாள் மகள். நான் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் ஏறியது என்று எழுதினால் கதையாகிவிடும். ஏறவில்லை. பட்டனை வேறு ஓட்டைக்கு நேரே தைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

இந்த ஊரில் அரசு ஆலைச் சேலை ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணைத் துணியிலேயே பதித்துவிடுகிறார்கள். வேறு இடத்துப் பட்டுக்கு சில்க் மார்க் அட்டை, மத்திய பட்டு வாரியம் 2004-இல் கொண்டுவந்தது. போலிக்குப் பயந்து செய்த ஏற்பாடுகள். எனக்கு யாரும் பயப்படவில்லை. வீட்டு முன்னறை, கழுத்தில் டேப், வாசலில் துளசி. பார்த்தால் ஏமாற்றுகிறவள் மாதிரியா இருக்கிறேன்?

விடுமுறை முடிந்து அவள் திரும்பி வந்தாள். போனில் படம் காட்டினாள். வரிசையாக ஐந்து பெண்கள், தலையில் மரூன் தொப்பி, ஒரே சிரிப்பு. பாட்டி மட்டும் தொப்பி இல்லாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். “பாட்டி அதைத் தூங்கும்போது போட மாட்டாராம். இந்தியாவிலிருந்து வந்த ஹரீரி, வீணாக்கக்கூடாது என்று பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஈத் அன்றைக்கு மட்டும் எடுப்பாராம்.”

அடுத்த வருடம் படிப்பு முடிந்து போய்விட்டாள். போகிற அன்றைக்கு எனக்கு ஒரு பொட்டலம் காப்பித்தூள் கொடுத்தாள், அவள் நாட்டில் விளைந்தது. சிக்கரி கலக்காமல் போட்டுக் குடிக்கவேண்டும் என்றாள். கலந்துதான் குடித்தோம்.

2023-இல் பெங்களூரிலிருந்து பட்டுச் சாட்டின் வரவழைத்தேன். அடுப்பில் காட்டிப் பார்த்துவிட்டு ஏழு தொப்பி தைத்தேன், அதே அளவு, அதே மரூன். பீரோவில் மேல்தட்டில் இருக்கின்றன. கூரியருக்கு முகவரி கேட்டு எழுத வேண்டும், ஏன் என்று கேட்பாள், சொல்ல வேண்டும். கேட்காமல் வெறும் பரிசாக அனுப்பிவிடலாம் என்றும் தோன்றியது. அதுவும் இன்னொரு சாட்டின் வேலைதான். பாட்டி இருக்கிறாரோ என்னவோ. இருந்தால் அந்தப் பெட்டியில் இருப்பதை என்ன சொல்லி வெளியே எடுக்கச் சொல்வது?

இதைத் தமிழில் எழுதுவதிலும் ஒரு சௌகரியம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மைசூரில் நான்கு வருடம் இருந்து கன்னடம் கற்றுக்கொண்டவள். தமிழ் அவளுக்குத் தெரியாது. அவள் எண் இன்னும் என் போனில் இருக்கிறது. பெயரை உச்சரிக்கச் சரியாக வராது என்று அப்போதே ‘ஹரீரி’ என்று போட்டுச் சேமித்தேன். பெருநாள், புத்தாண்டு தவறாமல் அவளிடமிருந்து வாழ்த்து வரும். நானும் கைகூப்புகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவேன்.